பத்து நாற்பது முதல் பதினொன்று வரை

காலையில் குடிக்கும் முதல் காபியை அவள் காபி என்று ஒப்புக்கொள்வதில்லை. அது, நான்கு வயது மகளின் ஒரு காலில் சாக்ஸை மாட்டிவிட்டு மற்றொரு சாக்ஸைத் தேடும் இடைவெளியில், நின்றபடியும் நடந்தபடியும் குடிக்கப்படுவது. துணி துவைக்கும் இயந்திரத்தின் தலைமேல் வைத்து மறக்கப்படுவது. மூன்று முறை சூடாக்கப்பட்டு, நான்காம் முறை தொட்டியில் கொட்டப்படுவது. அதற்கு மருந்து என்று பெயர் வைக்கலாம். காபி என்று பெயர் வைப்பது அந்தப் பானத்துக்குச் செய்யும் அவமதிப்பு.

அவளுடைய காபி பத்து நாற்பதுக்கு.

காலையிலேயே இறக்கிவைத்த டிகாஷன் மூடிய பாத்திரத்தில் காத்திருக்கும். பாலை மட்டும் அப்போதுதான் காய்ச்சுவாள். பொங்கி விளிம்பைத் தொடும் கணத்தில் அடுப்பை அணைப்பாள். சர்க்கரை அரைக் கரண்டி. அதற்கு ஒரு மணியும் கூடாது, ஒரு மணியும் குறையாது. குவளையை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பால்கனிக்குப் போய், காய்கிற துணிகளுக்கு நடுவே கிடக்கும் மர முக்காலியில் உட்காருவாள். கீழே தெருவில் நிறுத்திவைத்த ஸ்கூட்டரின் இருக்கையில் ஒரு பூனை படுத்திருக்கும். எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் யாராவது எதையாவது உதறிக்கொண்டிருப்பார்கள். அவள் எதையும் குறிப்பாகப் பார்ப்பதில்லை. பதினொரு மணிக்கு எழுந்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேலைக்குத் திரும்புவாள்.

மகள் பிறந்த பிறகு இரண்டு ஆண்டுகள் அவள் சூடான காபி என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்தாளே தவிர நாவால் அறியவில்லை. குழந்தை மழலையர் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே கணவனிடம் அறிவித்துவிட்டாள்.

"பத்து நாப்பதுலேர்ந்து பதினோரு மணி வரைக்கும் இனிமே இந்த வீட்டுல நான் இல்ல. வெளியூர் போயிருக்கேன்னு வச்சுக்குங்க."

"எந்த ஊரு?" என்றான் அவன்.

"பால்கனி."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பகல் ஒரு மணிக்குத்தான் அவனுக்கு வேலை தொடங்கும்; பன்னிரண்டு மணிக்குப் பையைத் தோளில் மாட்டினால் போதும். காலைப் பொழுதெல்லாம் வீட்டில்தான் இருப்பான். நல்லவன், பாத்திரம் துலக்குவான், பயந்தவன். அறுந்து போகாத கம்பியைக்கூட அறுந்துவிடுமோ என்று மூன்று முறை தொட்டுப் பார்ப்பது அவன் தொழிலுக்கு நல்லது. வீட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு மெல்லிய தாள், பிரித்தவர்கள் திரும்ப மடிக்கத் தெரியாமல் கசக்கிப் போடுவார்களே, அந்தத் தாளை அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவள் அவள். திரையின் இடப்பக்கம் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட மூலம். வலப்பக்கம் அச்சுக்காகக் கோத்த பக்கம். இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்து, ஒன்றுதான் என்றால் வலப்பக்கக் கீழ்மூலையில் இருக்கும் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் பக்கம் அச்சகத்தின் வரிசையில் போய் நிற்கும்; திரையில் அடுத்த பக்கம் வந்துவிடும். நண்பகல் பன்னிரண்டுக்கு அச்சகம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. வாக்கியங்களை மேலிருந்து கீழாகப் படிப்பாள். எண்களைக் கீழிருந்து மேலாகப் படிப்பாள், விரலைத் திரையில் வைத்து, வாய்விட்டு. அளவுகளை வாயால் சொல்லாமல் கண்ணால் மட்டும் ஓட்டுகிறவர்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்றே அவள் மதிப்பதில்லை. ஆறு ஆண்டுகளில் அவள் அனுப்பிய பக்கம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இந்த ஆண்டு அலுவலகம் ஒரு புள்ளியைக் கொண்டுவந்தது.

எல்லார் பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. மவுஸ் அசைந்தால் பச்சை; ஐந்து நிமிடம் அசையாவிட்டால் சாம்பல். அசைவை மட்டும் நம்பாமல், நினைத்துக்கொண்டபோதெல்லாம் ஒரு சிறு பெட்டி திரையில் எழும்பி, "பணியில் இருக்கிறீர்களா?" என்று கேட்கும். இருக்கிறேன் என்று அதன் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். சாம்பல் நேரம் கூடினால் நோட்டீஸ் வரும். மூன்று நோட்டீஸ் சேர்ந்தால் வேலை இல்லை. அவளுக்கு இரண்டு வந்திருந்தன, இரண்டும் பத்து நாற்பதின் பெயரால்.

விதிப்படி பகல் ஒரு மணிக்கு அரைமணி இடைவேளை உண்டு. அந்த அரைமணி, பள்ளிக்கு நடந்து போய் மகளை அழைத்துவரவே சரியாக இருக்கும். ஆகவே பத்து நாற்பதின் இருபது நிமிடத்துக்கு ஈடாக, ஐந்து மணிக்கு எழ வேண்டியவள் ஐந்து இருபது வரை உட்காருகிறாள். இதை மேற்பார்வையாளரிடம் சொல்லியும் இருந்தாள். மேற்பார்வையாளர் அவளைவிட ஏழு வயது இளையவள். நல்ல செய்தி என்றால் "அக்கா" என்பாள், கெட்ட செய்தி என்றால் "மேடம்" என்பாள். "பாக்கலாம்க்கா" என்றாள் அன்று. அடுத்த மாதம், "மேடம், ரெண்டாவது நோட்டீஸ்" என்றாள்.

உடன் வேலை செய்பவர்களில் ஒருத்தி தன் மவுஸை மேசை விசிறியின் தலையில் நூலால் கட்டிவிட்டுக் குளிக்கப் போகிறாள் என்பது ஊரறிந்த ரகசியம். அவளுக்குக் காத்தாடி என்றே பெயராகிவிட்டது. இதை வீட்டில் சொன்னபோது கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்தவன், கொஞ்ச நேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனிக்கத் தவறுவது அபூர்வம். தவறிய நாள் அது.

அந்தப் புதன்கிழமை அவள் நான்காம் பக்கத்தில் இருந்தாள். கைக்குழந்தைகளின் காய்ச்சலுக்கான சொட்டு மருந்து. வாக்கியங்களை முடித்துவிட்டாள், எண்கள் பாக்கி. மணி பத்து நாற்பது. எண்களைப் பாதியில் நிறுத்துவது அவள் வழக்கமில்லை. தொடங்காமல் வைப்பதில் பிழையில்லை. எழுந்து போனாள்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது, திரையில் ஐந்தாம் பக்கம் இருந்தது.

உட்காரவில்லை. நின்றபடியே மேசையைப் பார்த்தாள். மவுஸ், கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடந்தது.

"ஏங்க!"

கணவன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என் நாற்காலியில யாரு உக்காந்தது?"

"யாரு உக்காருவா? காத்து வந்து உக்காந்திருக்கும்."

"காத்துக்கு இடது கைப் பழக்கமா?"

அவன் தன் இடது கையிலிருந்த ரேசரைப் பார்த்தான். மறைத்து வைக்க இடமில்லை.

"திட்டாத. மூணு நாளா நான்தான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா குடிச்சிட்டு வரட்டுமேன்னு. மவுஸ லேசா ஆட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு நொடிகூட சாம்பல் ஆகல, தெரியுமா? பச்சைன்னா பச்சை, அப்படி ஒரு பச்சை."

"அந்தப் பொட்டி வந்துச்சா?"

"வந்துச்சு. இருக்கியான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன்."

"எத்தனை தடவ?"

"ரெண்டு தடவ. லிஃப்ட் பட்டன அமுக்கற மாதிரி. முதல் அமுக்குக்கு நகராதுல்ல."

"பொட்டி முதல் அமுக்குலயே போயிருச்சு. ரெண்டாவது அமுக்கு எதுமேல விழுந்துச்சுன்னு தெரியுமா? அதுக்குப் பின்னால மறைஞ்சிருந்த என் பட்டன் மேல."

அவனுடைய முகத்தில் நுரை இல்லாத பாதியும் வெளுத்தது. "என்னமோ உறுதியான்னு கேட்டுச்சு. உறுதிதான்னு..."

"உறுதிதான்னு சொன்னீங்களாக்கும்."

அவள் கையை நீட்டிப் போனை எடுத்தாள். அவன் குறுக்கே வந்து நின்றான்.

"இரும்மா, இரு. என்ன சொல்லப்போற? ரெண்டு நோட்டீஸ் இருக்கு. எந்திரிச்சுப் போனேன்னு உன் வாயாலயே சொன்னா அதுதான் மூணாவது. கை தவறிடுச்சுன்னு சொல்லு. மவுஸ் கெட்டுப்போச்சுன்னு சொல்லு. பூனை ஏறி மிதிச்சிடுச்சுன்னு சொல்லு!"

"நம்ம வீட்டுல பூனை ஏது?"

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"போன மாசம், லிஃப்ட் கதவு மூடாம தொல்ல பண்ணுதுன்னு சென்சார் மேல டேப் ஒட்டி வச்சிருந்தாரே ஒரு வாட்ச்மேன். அவர என்ன பேச்சு பேசிட்டு வந்தீங்க? இங்க வந்தும் ரெண்டு நாள் அதையேதான் பேசினீங்க. 'சென்சார ஏமாத்தறவன் கதவுல கைய வைக்கறவன ஏமாத்தறான்'னு. சொன்னது நீங்கதான? இல்ல அதுவும் காத்தா?"

அவன் வழிவிட்டான்.

மேற்பார்வையாளர் இரண்டாவது மணியடிப்பிலேயே எடுத்தாள். "சொல்லுங்கக்கா."

"நாலாவது பக்கத்த நிறுத்துங்க. சொட்டு மருந்து."

"இப்பதான அனுப்பினீங்க?"

"நான் அனுப்பல. முதல்ல நிறுத்துங்க. விசாரணைய அப்புறம் வச்சுக்கலாம்."

அந்தப் பக்கத்தில் விரல்கள் வேகமாகத் தட்டும் ஓசை கேட்டது. "எடுத்துட்டேன். உங்ககிட்டயே திருப்பி விட்டிருக்கேன்."

பக்கம் வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, விரலைத் திரையின் அடியில் வைத்து, கீழிருந்து மேலாக வாய்விட்டுப் படித்தாள்.

"முப்பது டிகிரி. சரி. இருபத்தெட்டு நாள். சரி. நாலு வேளை. சரி. ஆறு மணி நேரம். சரி." விரல் நின்றது. "ஐந்து மில்லிலிட்டர்." இடப்பக்கத்துக்குப் போனது. "பூஜ்யம் புள்ளி ஐந்து மில்லிலிட்டர்."

குளியலறை வாசலில் நின்ற கணவன், துடைக்கக் கையிலெடுத்த துண்டைத் துடைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தான்.

"பத்து மடங்கு," என்றாள் அவள். "கைக்குழந்தைக்கு."

"யாருக்கா அனுப்பினது?" என்றாள் மேற்பார்வையாளர், குரல் இறங்கி.

"என் வீட்டுக்காரர். புள்ளி பச்சையா இருக்கணும்னு மவுஸ ஆட்டப் போயி."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பால்கனியில."

"உடம்புக்கு முடியலையாக்கா?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்துவைக்கப்பட்டிருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். தலைசுற்றல், வாந்தி, எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடலாம்.

"உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. காபி குடிச்சிட்டிருந்தேன்."

அந்தப் பக்கத்தில் மறுபடி தட்டும் ஓசை கேட்டது.

"மூணு மணிக்குக் கேமராவப் போட்டுட்டு வாங்க, மேடம்."

போனைக் கீழே வைத்தபோது கணவன் முகத்தைத் துடைத்திருந்தான். ஒரு காதில் மட்டும் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"தப்பு என்னோடது," என்றான். "அத நான் வந்து சொல்றேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. ஒரு காபிதானம்மா? வேலையா காபியான்னு வந்தா, மனுஷன் எதையாவது ஒண்ண விட வேண்டாமா?"

"காபிதானன்னு சொல்லாதீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை, அவள் குரலை உயர்த்தாமல் பேசும்போதுதான் அவனுக்குப் பயம். "இந்த வீட்டுல எனக்குன்னு தனியா ஒரு சீப்புகூட கெடையாது. உங்க பொண்ணு பொம்மைக்குத் தலை வாரிட்டு எனக்குத் தருவா. குளிக்கப் போனா கதவத் தட்டி, 'அம்மா, யானைக்கு முட்டி எங்க இருக்கு'ன்னு கேப்பா. தூங்கும்போது என் கை அவ தலைக்கு அடியில இருக்கும். அதெல்லாம் நான் மனசாரக் கொடுத்தது, கணக்கு கேக்கல. எட்டு மணி நேரம் ஆபீசுக்கு. அதுவும் சரி. மிச்சம் இருக்கறது இருபது நிமிஷம். அதையும் விட்டுட்டா, இந்த வீட்டுல அம்மா இருப்பா, உங்க பொண்டாட்டி இருப்பா, பிழை பாக்கற அம்மா ஒருத்தி இருப்பா. நான் இருக்க மாட்டேன்."

அவன் காதிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டான். பன்னிரண்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து சரிசெய்துகொண்டான்.

ஒரு மணிக்கு அவள் பள்ளிக்கு நடந்தாள். மகள் வழியெல்லாம் ஒரு நத்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். நத்தைக்கு வீட்டிலிருந்தே வேலையா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அவள். அதற்கும் புள்ளி உண்டா என்று குழந்தை கேட்டிருந்தால், அதற்கு அவளிடம் பதில் இருந்திருக்காது. வேலை போனால் என்ன ஆகும் என்பதை நடைபாதையின் ஒவ்வொரு சதுரக் கல்லிலும் அவள் எண்ணிப் பார்த்தாள். இந்த வேலையை அவள் நேசித்தாள். அவள் கண்ணில் பட்டு நின்ற பிழைகளால் எத்தனை பேர் படுக்கையிலிருந்து எழுந்து நடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், அது போதுமானதாக இருந்தது. அதை இழப்பது எளிதென்று அவள் தன்னிடம்கூடப் பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்குக் கேமராவைப் போட்டாள். மகள் மேசைக்கு அடியில் கிரேயான்களோடு குடியேறியிருந்தாள்.

திரையில் மேற்பார்வையாளர் தெரிந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை. பின்னால் மடிக்காத துணி மலை. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை, நிறைந்தபடியே.

"மேடம், காலையிலேர்ந்து யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்," என்றாள். "விதியில 'தாளில் படித்தல்'னு ஒரு வகை இருக்கு. பக்கத்த அச்செடுத்து, கம்ப்யூட்டரத் தொடாம படிக்கறது. அப்போ புள்ளி சாம்பலானாலும் அது வேலை நேரம்தான். பால்கனியில தாள வச்சுப் படிச்சிட்டிருந்தேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. தினமும் பத்து நாப்பதுக்கு அதையே போட்டுக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"பட்டன் அமுங்கினதுக்கு?"

"குழந்தை தட்டிடுச்சுன்னு போடலாம்."

"குழந்தை ஸ்கூல்ல இருந்தா."

"அது எனக்கும் உங்களுக்கும் தெரியும் மேடம்."

"மேசைக்கு அடியில இருக்கறவளுக்கும் தெரியும்."

தன்னைப் பற்றிய பேச்சு என்று அறிந்து, மகள் மேசை விளிம்பில் தலையை நீட்டினாள். திரையை உற்றுப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்க காபி மேல தோல் இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அடியில் போய்விட்டாள்.

மேற்பார்வையாளர் தன் கோப்பையைப் பார்த்தாள். பழுப்பாக, சுருங்கி, ஒரு தடித்த ஏடு படிந்திருந்தது. காலையில் போட்டதாக இருக்க வேண்டும். அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க. எனக்குப் புரியுது," என்றாள் அவள். "ஆனா நான் அந்த நேரத்துல எதையும் படிக்கல. எதிர் மாடியில ஒருத்தர் ஒரே போர்வைய மூணு தடவ உதறிக் காயப்போட்டாரு. அதப் பாத்துட்டிருந்தேன். அதையும் கவனமா பாக்கல. அத வேலைன்னு இன்னிக்கு எழுதிக் கொடுத்தா, நாளையிலேர்ந்து அந்த இருபது நிமிஷமும் உங்களோடது. அப்புறம் அந்த முக்காலியில உக்காந்தா தாள் எங்கன்னு கேப்பீங்க. கேக்கறது நியாயமாவும் இருக்கும்."

"இது ஒரு வரிதான் மேடம்."

"ஆறு வருஷமா நான் அமுக்கற ஒவ்வொரு பட்டனும் ஒரு வரிதான். அதுல ஒண்ணுகூட பொய் இல்ல. என் பேர வச்சு ஒரு பொய்யான பக்கத்த நானே அனுப்பணுமா?" நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "மூணு நாள் நான் இல்லாதப்ப உங்க புள்ளி பச்சையா இருந்துச்சு. தினமும் அஞ்சு மணிக்கு மேல நான் உக்காந்து வேலை செய்யறப்ப அந்தப் புள்ளிய யாரும் பாக்கறதில்ல. அத நம்பறதா, என்ன நம்பறதான்னு மேல இருக்கறவங்க முடிவு பண்ணட்டும்."

"நீங்க சொல்றத அப்படியே மேல அனுப்பட்டுமா?"

"நானே எழுதித் தர்றேன். ஒரு எழுத்து மாத்தாம அனுப்புங்க."

அன்று மாலை ஐந்து இருபதுக்கு அவள் எழுதி அனுப்பியது இது:

"இன்று காலை பத்து நாற்பது முதல் பதினொன்று வரை நான் என் இருக்கையில் இல்லை, பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அந்நேரத்தில் என் புள்ளி பச்சையாக இருந்ததற்கும், நான்காம் பக்கம் படிக்கப்படாமல் அனுப்பப்பட்டதற்கும், என் கணவர் என் கணினியைத் தொட்டதே காரணம். கணினியைப் பூட்டாமல் எழுந்தது என் தவறு. அது இனி நேராது. காபி குடித்தது தவறன்று. அது நாளையும் நேரும்."

மறுநாள் காலையில் கணவன் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கடைசி வரிய மட்டும் எடுத்திருக்கலாம்ல?"

"அத எடுத்துட்டா மத்த அஞ்சு வரியும் எதுக்கு?"

எட்டரை மணிக்கு வேலையில் உட்கார்ந்தாள். அலுவலகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பத்து மணிக்குக் காத்தாடியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "உண்மையாவே எழுதிட்டியா? இங்க எல்லாரும் அதப் பத்திதான் பேசறாங்க. விசிறிய நிறுத்திட்டேன், பயமா இருக்கு." அவள் பதில் எழுதவில்லை, வேலை நேரம்.

பத்து நாற்பதுக்குக் கணினியைப் பூட்டினாள். பூட்டியது திறக்கவில்லை என்பதை ஒரு முறை சோதித்தாள். பாலைக் காய்ச்சினாள். பொங்கி விளிம்பைத் தொட்டதும் அணைத்தாள். அரைக் கரண்டி சர்க்கரை. பால்கனிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் இருக்கையில் பூனை இல்லை. இருக்கையில் அது படுத்திருந்த குழி மட்டும் இருந்தது.

உள்ளே போன் அலறியது.

கணவன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தான். "அவங்கதான்! எடு!"

"மணி என்ன?"

"பத்து நாப்பத்தேழு."

"இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு."

"அடியே, வேலை விஷயம்! இப்ப எடுக்கலன்னா என்ன நெனப்பாங்க?"

"வெளியூர் போயிருக்கேன்னு நெனப்பாங்க."

போன் ஓய்ந்தது. மறுபடி அலறியது. அவன் அதைத் தலையணைக்கு அடியில் வைக்கப் போனான், திரும்பி வந்தான், மேசைமேல் வைத்தான், கையைக் கட்டிக்கொண்டு அதற்குக் காவல் நின்றான். எடுக்கவில்லை. இதை அவள் கண்ணாடிக் கதவின் வழியே பார்த்தாள்; பயந்தவன் ஒருவன் தன் பயத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. முதல் வாயைக் குடித்தாள். நாக்கு சுட்டது. சுட வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடிவரை, ஒரு மடக்கும் விடாமல் குடித்தாள்.

பதினொரு மணிக்கு எழுந்தாள். குவளையைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, தானே அழைத்தாள்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்," என்றாள் மேற்பார்வையாளர். அக்கா என்றும் சொல்லவில்லை, மேடம் என்றும் சொல்லவில்லை.

"காபி குடிச்சிட்டிருந்தேன். சொல்லுங்க."

"தெரியும்." ஒரு பெருமூச்சு. "மூணாவது நோட்டீஸ் எழுதி வச்சிருந்தாங்க. உங்க கடிதத்தையும் அந்தச் சொட்டு மருந்துப் பக்கத்தையும் சேத்து வச்சுப் பாத்திருக்காங்க. அது அச்சகம் வரைக்கும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நோட்டீஸ அனுப்பல. அந்த ரெண்டு பட்டனையும் ஒண்ணுக்கொண்ணு எட்டாத தூரத்துல வைக்கச் சொல்லியிருக்காங்க. கம்ப்யூட்டரப் பூட்டாததுக்கு உங்களுக்கு ஒரு எச்சரிக்கை."

"அது எனக்கு வேண்டியதுதான். வாங்கிக்கறேன். காபிக்கு?"

"காபியப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல."

"கூடாதுன்னு இல்லையா?"

"கூடும்னும் இல்ல. ஆனா தினமும் அந்த இருபது நிமிஷத்துக்கு நீங்க காரணம் எழுதணும். பட்டியல்ல காபி இல்ல. கழிப்பறை இருக்கு, மின்தடை இருக்கு, நெட் கோளாறு இருக்கு. 'மற்றவை'லதான் எழுதணும். குறைஞ்சது நூறு எழுத்து."

"நூறு போதுமா?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. பிறகு குரல் தணிந்தது. "அக்கா, பால அப்பவே காய்ச்சணுமா? காலையில காய்ச்சினத சூடு பண்ணினா போதாதா?"

"போதாது," என்றாள் அவள், கண்டிப்பாக. "அப்பவே காய்ச்சணும். உக்காந்து குடிக்கணும்."

கணவன் இரண்டடி தள்ளி நின்று, அவள் முகத்திலிருந்து எதையாவது படிக்க முயன்றுகொண்டிருந்தான். வேலை இருக்கிறது என்பதைத் தலையசைத்துச் சொன்னாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டான், அவளுடைய நாற்காலியில்; உடனே சுட்டதுபோல எழுந்துகொண்டான். மவுஸ் வலப்பக்கம்தான் இருக்கிறதா என்று இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

கணினியைத் திறந்தாள். சாம்பல் நிறப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டி திறந்து, காரணம் கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டினாள்:

"பத்து நாற்பது முதல் பதினொன்று வரை, அப்போதுதான் காய்ச்சிய பாலில், அரைக் கரண்டி சர்க்கரையில், நான் எனக்காகப் போட்ட காபியை, நானே உட்கார்ந்து, சூடு ஆறும் முன் குடித்து முடித்தேன். பயன் எதுவும் கருதப்படவில்லை. இதே காரணம் நாளைக்கும் பொருந்தும்."

ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்தாள். எண்களை மட்டும் கீழிருந்து மேலாக, வாய்விட்டு, இன்னொரு முறை படித்தாள். பிறகு பச்சைப் பட்டனை அழுத்தினாள்.